குவளை போதும், மை கொடுங்கள்

எங்கள் வீட்டு அடுப்படி அலமாரியின் மேல்தட்டில் 17 குவளைகள் கவிழ்ந்து கிடக்கின்றன. பாதிக்கு மேல் ‘செலாமாட் ஹாரி குரு’ (ஆசிரியர் தின வாழ்த்து) என்று எழுதியவை. மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் 19 வருடமாகப் பாடம் நடத்துகிறேன். ரசாக் கல்வி அறிக்கையைக் கூட்டரசு சட்டமன்றம் 1956 மே 16-ஆம் தேதி ஏற்றுக்கொண்டது. அதனால் இந்த நாட்டில் அன்று ஆசிரியர் தினம். அதனால் எனக்குக் குவளை.

பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. செம்பனைக் குலை வெட்டப் போகிற அப்பாவிடம் ஐந்து வெள்ளி (ரிங்கிட்) கேட்டு வாங்கி, பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் அலைந்து எடுத்து வருகிறார்கள். ஒரு குவளையைக்கூட இதுவரை தூக்கிப் போட மனம் வரவில்லை. ஆனாலும் வாத்தியாருக்கோ, எழுதப் படிக்கப் பிடித்தவருக்கோ என்ன வாங்கித் தரலாம் என்று யாராவது கேட்டால், வருடக்கணக்கில் நானே புழங்கிய நாலைந்து பொருளைப் பற்றித்தான் என்னால் பேச முடியும்.

முதலில் பேனா. 2018-இல் என் பிறந்தநாளுக்குத் தம்பி லாமி சஃபாரி மைப்பேனா கொடுத்தான். ஜெர்மன் பேனா, 1980-இல் இருந்து விற்பனையில் இருக்கிறது. உடல் பிளாஸ்டிக்தான், ஆனால் நல்ல கெட்டி. வகுப்பறைச் சிமெண்டுத் தரையில் எத்தனை தடவை விழுந்திருக்கும் என்று கணக்கே இல்லை. விரல் வைக்கிற இடம் முக்கோணப் பட்டையாக இருப்பதால், வியர்த்த கையிலும் வழுக்காது. மை எவ்வளவு மிச்சம் என்று பார்க்கப் பக்கவாட்டில் சின்னதாக ஒரு சன்னல் வேறு.

இவ்வளவு நல்ல பேனா முதல் எட்டு மாதம் மேசை லாச்சியில் தூங்கியது. பெட்டியில் ஒரே ஒரு மைக்குழல்தான் இருந்தது, அது ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டது. அந்தப் பேனாவுக்கு அதே நிறுவனத்தின் குழல்தான் பொருந்தும். எங்கள் டவுனில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை. ஈப்போவில் ஒரு கடைக்காரர் வேறு ஏதோ குழலை எடுத்து, “இது போகும்க்கா,” என்றார். போகவில்லை. கடைசியில் புட்டியிலிருந்து மையை உறிஞ்சிக்கொள்ளும் கன்வெர்ட்டரை ஷோப்பி இணையக் கடையில் தேடி வாங்கினேன். அன்றிலிருந்துதான் அது எழுதுகிற பேனா. தம்பி அன்றைக்கே கன்வெர்ட்டரையும் ஒரு புட்டி மையையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் எட்டு மாதம் மிச்சம். அவனிடம் இதைச் சொல்லிவிட்டேன், முகம் சுளித்தான்.

முள்ளின் அளவையும் பார்க்க வேண்டும். அவன் கொடுத்தது எம், அதாவது நடுத்தரம். ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும் அருமை. தமிழில் ‘ணை’, ‘ஞ’, ‘ழ’ என்று எழுதும்போது சுழியெல்லாம் அடைத்துக்கொண்டு புளியங்கொட்டை மாதிரி நிற்கும். பள்ளிக் கூட்டுறவுக் கடை நோட்டுகளின் மெல்லிய தாள் மையை உறிஞ்சிப் பரப்பிவிடுவதால் இன்னும் மோசம். இந்தப் பேனாவில் முள்ளை மட்டும் கழற்றி மாற்றலாம். இஎஃப் என்கிற மிக மெல்லிய முள் வாங்கி மாட்டினேன், சுழிகளுக்கு மூச்சு வந்தது. தமிழில் எழுதுகிறவருக்கு மைப்பேனா வாங்கினால் மெல்லிய முள்ளாகவே வாங்குங்கள்.

வருடக்கடைசி விடுமுறையில் மையோடு வைத்துவிட்டால் காய்ந்துபோகும். இரண்டு தடவை அப்படி ஆனது என் சோம்பேறித்தனம். முன்பகுதியை இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் போட்டு வைத்தால் சரியாகிவிடும். சுடுதண்ணீர் வேண்டாம்.

இன்னொன்று, சாதாரண மைப்பேனா மை தண்ணீரில் கரையும். 2019-இல் நான்காம் ஆண்டுப் பையன் ஒருவன் மழையில் ஓடும்போது கட்டுரை நோட்டை லோங்காங்கில் (சாக்கடைக் கால்வாயில்) போட்டுவிட்டான். காயவைத்துக் கொண்டுவந்தான். அவன் பென்சிலில் எழுதியது அப்படியே இருந்தது. நான் சிவப்பு மையில் சுட்டியிருந்த 11 பிழையும் ரோஜா நிறக் கறையாகிக் காணாமல் போயிருந்தன. “டீச்சர், பிழையே இல்ல!” என்று காட்டினான். இப்போது மதிப்பெண் பதிவை மட்டும் பால்பாயிண்டில் எழுதுகிறேன்.

இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்ததிலேயே அதிகம் உழைத்த பரிசு எது என்றால், 25 வெள்ளி பெறாத சாப்புகள்தான், அதாவது ரப்பர் முத்திரைகள். தானே மை ஒற்றிக்கொள்ளும் வகை. ‘மிக நன்று’ ஒன்று, ‘திருத்தம் செய்க’ ஒன்று. 2021-இல் பெற்றோர் இருவர் சேர்ந்து செய்து கொடுத்தார்கள். ஒரு வகுப்பில் 28 பிள்ளைகள், நாளைக்கு மூன்று வகுப்பு நோட்டு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். என் பாட்டி பால்மரம், அதாவது ரப்பர் மரம் சீவியவர். 1877-இல் நட்ட பால்மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிற கோலகங்சார் இங்கிருந்து கூப்பிடு தூரம். பேத்தி இங்கே ரப்பர் முத்திரையைக் குத்திக்கொண்டிருக்கிறேன்.

சாப்பு செய்யக் கொடுக்கும்போது ஓர் எச்சரிக்கை. தமிழ் தெரியாத கடையில் வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பினால், அவர்களுடைய கணினியில் கொம்பும் எழுத்தும் இடம் மாறிவிடும். எனக்கு முதலில் வந்த சாப்பில் ‘செய்க’ என்பதன் கொம்பு, சகரத்தைத் தாண்டிப்போய் யகரத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. மூன்றாம் ஆண்டுப் பிள்ளையே கண்டுபிடித்துவிட்டது, மானம் போயிற்று. நீங்களே தட்டச்சு செய்து, படமாகவோ பிடிஎஃப் ஆகவோ மாற்றி அனுப்புங்கள். அச்சடிக்கும் முன் மாதிரி கேட்டுப் பாருங்கள். கூடவே அந்தச் சாப்புக்கு உரிய மை ஒரு சிறு குப்பி வாங்கிக் கொடுங்கள். ஏழெட்டு மாதத்தில் எழுத்து மங்கும்போது உள்ளே இருக்கிற மைப் பஞ்சில் சில சொட்டு விட்டால் போதும்.

படிக்கிறவர்களுக்குக் கிண்டில் மின்நூல் கருவி கொடுக்கலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து 2019-இல் பேப்பர்வைட் என்கிற கிண்டில் மாடல் ஒன்று வாங்கினோம், 6 அங்குலத் திரை. அதை மாமியாருக்குக் கொடுத்தோம். அவருக்குக் கண் மங்கல், எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள முடிகிறது என்பதே பெரிய வரம். ஆனால் கருவியைக் கையில் கொடுத்துவிட்டு வந்தால் போதாது. பிடிஎஃப் கோப்பை அந்தச் சின்னத் திரையில் திறந்தால் எறும்பு ஊர்கிற மாதிரிதான் தெரியும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்கிற இணையத் தொகுப்பில் பழந்தமிழ் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இபப் என்கிற மின்நூல் கோப்பு கிடைத்தால் இன்னும் வசதி. 2022-இல் இருந்து அதை நேராகவே கிண்டிலுக்கு அனுப்ப முடிகிறது. நான் மாதம் ஒரு தடவை உட்கார்ந்து ஐந்தாறு நூல் ஏற்றிக் கொடுக்கிறேன். அந்த ஐந்தாறு நூல்தான் மாமியாருக்குப் பரிசு, கருவி வெறும் தட்டு. அப்புறம், அந்த மாடலுக்கு வேண்டியது பழைய மைக்ரோ யுஎஸ்பி கேபிள். வீட்டில் உள்ள போன் கேபிள் எதுவும் சேராது என்பதால் ஒன்றை அதற்கென்றே பூட்டி வைத்திருக்கிறோம்.

குறிப்பேடுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தோல் அட்டை போட்டு, தங்க எழுத்தில் பெயர் பொறித்து வந்த நான்கும் வெள்ளையாகவே இருக்கின்றன, அவ்வளவு அழகில் கிறுக்கப் பயமாக இருக்கிறது. 80 கிராம் தாளில் சாதாரணமாகத் தைத்த ஒன்று கொடுங்கள், எழுதித் தீர்த்துவிடுவேன்.

புத்தகம் கொடுப்பதாக இருந்தால், முதலில் அவரிடம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். ஒரே நூல் என்னிடம் மூன்று பிரதி இருக்கிறது. நம் ஊர் ஈரத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். மழை மாதங்களில் அலமாரியைத் திறந்தால் பூஞ்சை வாடை அடிக்கும். இராமபாணப் பூச்சி அட்டையின் பசையைத் தின்று முதுகைக் கழற்றிவிடும். மூடியுள்ள பெட்டியும் சிலிக்கா ஜெல் பைகளும் வைத்த பிறகு என் பழைய நூல்கள் தப்பின. நிறம் மாறுகிற வகை என்றால் ஈரம் குடித்ததும் நீலம் ரோஜாவாகும். மெல்லிய சூட்டில் உலர்த்தித் திரும்ப வைக்கலாம். புத்தகப் பிரியர் ஒருவருக்கு ஒரு வருடம் இந்தப் பைகளைக் கட்டிக் கொடுத்தேன், முதலில் சிரித்தார். அடுத்த வருடம் எங்கே வாங்கினாய் என்று கேட்டார்.

நாங்கள் அரசு ஊழியர்கள், பரிசு வாங்க விதிமுறை உண்டு. விலை உயர்ந்த எதையும் கொண்டுவந்து எங்களைச் சங்கடப்படுத்தாதீர்கள். அதனாலும்தான் மை என்கிறேன்.

போன வருடம் மே மாதம் அந்த லோங்காங் பையன் வீட்டுக்கு வந்தான். அப்போது இடைநிலைப்பள்ளியில் படிவம் 4, என்னைவிட ஒரு முழம் உயரம். ஆறு வருடத்துக்கு முன் நான் வகுப்பில் பேனாவுக்கு மை நிரப்பியதைப் பார்த்து, பெயரை ஞாபகம் வைத்து, தேடி வாங்கியிருக்கிறான். லாமியின் 50 மில்லி புட்டி, சிவப்பு. அதன் அடியில் ஒற்றுத்தாள் சுருளாகச் சுற்றியிருக்கும், முள்ளைத் துடைக்கக் கிழித்துக்கொள்ளலாம். கன்வெர்ட்டர் ஒரு தடவைக்கு ஒரு மில்லிகூடக் குடிக்காது. ஒரு வருடம் ஆகியும் பாதிப் புட்டி அப்படியே இருக்கிறது.

அன்று புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது கேட்டான்.

“டீச்சர், இது தண்ணியில போயிடுமா?”

போகும் என்றேன்.

“அப்ப சரி,” என்றான்.