பழைய தோல் கைப்பையும் பித்தளைப் பூட்டில் ஏறும் களிம்பும்

ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியாவில் வசிக்கும் தோழி ஒருத்தி, நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் தோல் க்ரீம் இப்போது பாதி விலைக்குக் கிடைப்பதாகவும், தன் மாமியார் வைத்திருந்த பழைய கைப்பைக்கு அதை வாங்கலாமா என்றும் கேட்டு எழுதியிருக்கிறாள். என் பையின் பூட்டைப் பிரித்துப் பழுதுபார்த்து வாங்கிவந்த சமயத்தில் அவளுடைய கேள்வி வந்து சேர்ந்ததால், ஆமாம் என்றோ வேண்டாம் என்றோ ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. க்ரீமின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. தேன்மெழுகு, ஆட்டுக் கம்பளியின் கொழுப்பான லானோலின், நீட்ஸ்ஃபுட் எண்ணெய் ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்த, டப்பாவைத் திறந்தால் உறைந்த நெய்யைப்போல் வெளிர்மஞ்சளாகத் தெரிகிற எந்தக் க்ரீமை வைத்திருப்பவருக்கும் நான் சொல்பவை பொருந்தும்.

பையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அது 1980களில் அமெரிக்காவில் செய்யப்பட்ட, கோச் என்ற நிறுவனத்தின் பை. பழைய பொருள்கள் விற்கும் சந்தையில் வாங்கியது. 1941இல் நியூயார்க்கின் மான்ஹாட்டனில் சிறு பட்டறையாகத் தொடங்கிய நிறுவனம் அது. 1962இல் அங்கே வடிவமைப்பாளராகச் சேர்ந்த போனி காஷின்தான், பையை மூடும் மடலின் துளைக்குள் நுழைந்து குறுக்காகத் திரும்பி நிற்கும் பித்தளைத் திருகுப் பூட்டை அந்தப் பைகளின் அடையாளமாக ஆக்கினார். அக்காலத்துப் பைகளுக்கு உள்துணி கிடையாது. தடித்த மாட்டுத்தோலின் உட்புறமே பையின் உட்புறம். மேற்பரப்பில் கனமான சாயப்பூச்சு இல்லாததால், கையின் எண்ணெயும் மழைத்துளியும் வெயிலும் தோலில் நேராகப் பதியும். அதே காரணத்தால் நாம் பூசுகிற க்ரீமும் தோலுக்குள் இறங்கும். இன்று கடைகளில் விற்கும் பெரும்பாலான பைகளின் தோல்மேல் ஒரு பூச்சு படலமாக மூடியிருக்கிறது. அவற்றுக்கு எத்தனை முறை க்ரீம் பூசினாலும் அது மேலேயே நின்று தூசியைத்தான் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே ஒரு க்ரீம் நல்லதா இல்லையா என்பதைப் பழைய பையில்தான் சோதிக்க முடியும்.

தோலைப் பொறுத்தவரை இந்தக் க்ரீமைப் பாராட்டாமல் இருக்க என்னால் முடியாது. நான் இருப்பது டர்பனின் தெற்கே, கடலை ஒட்டிய இசிப்பிங்கோவில். ஜனவரி முதல் மார்ச் வரை இங்கே அலமாரிக்குள் வைத்த துணிகூட ஈரவாடை அடிக்கும். குளிர்காலத்திலும் அதன் இறுதியிலும் மலைப்பக்கத்திலிருந்து பெர்க் காற்று இறங்கும்போது ஒரே நாளில் வெப்பம் ஏறி, காற்றிலிருந்த ஈரம் காணாமல் போய்விடும். ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, பிறகு சட்டென்று காய்ந்து சுருங்கும் தோல் முதலில் வெடிப்பது மடல் மடியும் இடத்தில்தான். பையை வாங்கியபோதே அந்த மடிப்பில் மயிரிழை போன்ற கோடுகள் வரிசையாக விழுந்திருந்தன. நகத்தால் தடவினால் தட்டுப்பட்டன. தோல் பதனிடும் ஆலையில், பதனிட்ட பிறகு இழைகளுக்கிடையே எண்ணெயை ஏற்றுவார்கள். தோல் வளைந்துகொடுப்பதற்கு அந்த எண்ணெயே காரணம்; ஆண்டுகள் ஆக ஆக அது குறைகிறது. மேலிருந்து பூசும் க்ரீம் ஆலையில் ஏற்றிய எண்ணெய்க்கு ஈடாகாது என்றாலும், இந்தக் க்ரீமைப் பட்டாணி அளவு எடுத்து, விரல் நுனியின் சூட்டில் இளகவிட்டு, மடிப்பின் போக்கிலேயே தேய்த்து இரவு முழுவதும் விட்டுவைத்தால், காலையில் மடல் ஓசையின்றி மடிகிறது. கோடுகள் மறையவில்லை, ஆனால் நான் வாங்கிய நாளுக்குப் பிறகு ஒரு கோடுகூடக் கூடவில்லை. கருப்பழுப்பான அந்தத் தோலில் இன்றைக்குக் கைவைத்துப் பார்க்கும் எவரும் அது இத்தனை பழையது என்று நம்புவதில்லை.

பூசுவதற்கு முன்னால் சுத்தம் செய்வதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பதனிட்ட தோல் இயல்பாகவே சற்று அமிலத்தன்மை உடையது. குதிரைச் சேணத்துக்கென்று விற்கும் சோப்பும் வீட்டுச் சோப்பும் காரத்தன்மை கொண்டவை. அழுக்கு போகிறதே என்ற மகிழ்ச்சியில் அவற்றைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால், தோலின் எண்ணெயும் சேர்ந்து போய்விடும். பிழிந்த ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலரவிடுவதே என் வழக்கம். மழைக்காலத்தில் பையின்மேல் வெள்ளையாக ஏதாவது படர்ந்தால் உடனே பூஞ்சணம் என்று பயப்பட வேண்டாம். தலைமுடி உலர்த்தும் கருவியை மிதமான சூட்டில் வைத்துக் காட்டினால், தோலுக்குள்ளிருந்து வெளிவந்த கொழுப்பாக இருந்தால் உருகி மறையும், பூஞ்சணமாக இருந்தால் அப்படியே நிற்கும். இந்தக் க்ரீமை அளவுக்கு அதிகமாகப் பூசுபவர்களுக்கு அந்த வெள்ளைக் கொழுப்பு வரும். அளவாகப் பூசினால் வருவதில்லை.

இனி என்னைக் கோபப்படுத்துவதைச் சொல்கிறேன்.

பூட்டைச் சுற்றி, பித்தளைத் தகடும் தோலும் சந்திக்கும் விளிம்பில், பாசி நிறத்தில் ஒரு பிசுபிசுப்பான பொருள் ஊறுகிறது. முதலில் அது விளிம்பில் மெல்லிய கோடாகத் தெரியும். ஒரு மழைக்காலம் கடந்ததும் தடித்து மேலெழும்பி நிற்கும். பல்குச்சியால் கிளறினால் மெழுகாகச் சுருண்டு வரும். வெள்ளைத் துணியில் பட்டால் நீலம் கலந்த பச்சையாகத் தீட்டும். வார் கோத்திருக்கும் வளையத்தின் அடியில் அது தையல் நூலுக்குள்ளேயே இறங்கி, நூலைப் பச்சையாக்கி, இறுகி உலர்ந்திருந்தது. இது சாதாரணத் துரு அன்று. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த உலோகம்; எண்ணெயிலும் கொழுப்பிலும் உள்ள கொழுப்பு அமிலங்கள் செம்போடு சேர்ந்து உண்டாக்கும் உப்பே இந்தப் பச்சைக் களிம்பு. ஈரம் இருந்தால் இந்த வேலை விரைவாக நடக்கும். கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் இன்னும் விரைவாக நடக்கும். புதிய பித்தளையின்மேல் இருக்கும் மெல்லிய வார்னிஷ் அதைக் காக்கும், ஆனால் நாற்பது ஆண்டுகள் விரல் பட்டுத் தேய்ந்த பூட்டில் அந்த வார்னிஷ் ஏது? நான் துடைத்து எடுக்கிறேன், மடிப்புக்காக க்ரீம் பூசுகிறேன், சில வாரங்களில் களிம்பு மீண்டும் அதே விளிம்பில் வந்து நிற்கிறது. தோலுக்கு உணவாகும் அதே கொழுப்பு பூட்டுக்கு நஞ்சாகிறது.

இதை நான் இயற்கையின் போக்கு என்று பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது டப்பாவின் பின்புறம் அச்சடித்திருக்கும் வாசகம். தோலுக்கும் உலோகப் பகுதிகளுக்கும் பாதுகாப்பானது என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. பழைய பை வைத்திருப்பவர் அந்த வாசகத்தை நம்பி, பூட்டையும் வளையத்தையும் சேர்த்தே பளபளப்பாக்குவார். அவர் பூசுகிற ஒவ்வொரு முறையும் பித்தளையின் அடியில் கொழுப்பு போய்த் தங்கும். தயாரிப்பாளருக்குப் படத்தோடு எழுதிக் கேட்டேன். என் பூட்டின் பித்தளை தரம் குறைந்ததாக இருக்கலாம் என்று பதில் வந்தது. கட்டிப் பித்தளையில் வார்த்த பூட்டைப் பற்றி, அதைக் கையில் எடுத்துப் பாராமலே சொன்ன பதில் அது. ஒரு வரியைத் திருத்தி அச்சிட என்ன செலவாகிவிடும்? உலோகத்தில் படாமல் பூசவும் என்று மூன்று சொற்கள் போட்டிருந்தால் எத்தனை பூட்டுகள் தப்பித்திருக்கும்!

களிம்பைக் கண்டதும் என் அம்மா சொன்ன மருந்து புளி. புரட்டாசி பிறப்பதற்கு முன் எங்கள் வீட்டுக் குத்துவிளக்கும் காமாட்சி விளக்கும் புளியிலேதான் துலங்கும். அதில் அம்மாவுக்கு இணை கிடையாது. விளக்கைத் தேய்த்துத் தண்ணீரில் அலசிவிடலாம், ஆனால் தோலில் பதித்த பூட்டை அலச முடியாது. புளித் தண்ணீர் விளிம்புக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிடும், தோலில் கறையும் விழும். தவிரவும் இந்தக் களிம்பு மெழுகுத்தன்மை உடையதால் தண்ணீரை ஒட்டவிடுவதில்லை. எலுமிச்சையும் வினிகரும் இதே காரணத்தால் உதவாதவை. பித்தளைப் பாலிஷ் திரவங்களில் அரைத்தெடுக்கும் துகள்கள் இருக்கும். அவை பூட்டைப் பளிச்சென்று ஆக்கிவிட்டு, சுற்றியுள்ள தோலின் நிறத்தைச் சுரண்டிவிடும், தையல் துளைகளில் வெள்ளைத் தூளாகவும் உறையும். அம்மாவுக்கு இந்தக் க்ரீமின் மேல் வேறொரு வருத்தமும் உண்டு. நீட்ஸ்ஃபுட் எண்ணெய் மாட்டின் கால் எலும்புகளிலிருந்து எடுப்பது என்று தெரிந்த நாளிலிருந்து, அந்த டப்பா சாமி அறை இருக்கும் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். அது பின்புற வராந்தாவில்தான் இருக்கிறது.

இந்த முறை வளையத்தின் தையல் விட்டுப்போய், பூட்டின் திருகும் பாதியில் நின்றுகொண்டதால், பீட்டர்மரிட்ஸ்பர்க்கின் காலணித் தொழிற்சாலை ஒன்றில் நெடுங்காலம் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் பையைக் கொண்டுபோனேன். அவர் பூட்டின் பின்தகட்டை நிமிர்த்திக் கழற்றி விளக்கடியில் காட்டினார். வெளியே தெரிந்ததைவிட உள்ளே பல மடங்கு இருந்தது. தகட்டின் அடிப்புறம் முழுவதும் பச்சை, அதற்கு நேரான தோலில் அதே வடிவத்தில் ஒரு பச்சை முத்திரை. ஆனால் அந்தத் தோலை இரண்டு விரலால் மடக்கி விரித்துப் பார்த்த பெரியவர், “அம்மா, தோலுக்கு ஒரு குறையும் இல்லை, இதை வளர்த்தவரின் கை நல்ல கை. பித்தளைக்குப் பக்கத்தில் மட்டும் இந்த எண்ணெயைக் கொண்டுபோகாதீர்கள்” என்றார். நூலைப் பிரித்துப் புதிய மெழுகு நூலில் பழைய துளைகளிலேயே கையால் தைத்துக் கொடுத்தார். புதிய துளை போட்டிருந்தால் அந்த விளிம்பு கிழிந்திருக்கும். அது தெரிந்தவர் கையில் பை போய்ச் சேர்ந்தது என் நல்ல காலம்.

நியாயமாகவும் பேச வேண்டும். கொழுப்பு சேர்ந்த எந்தப் பூச்சும் பித்தளையில் இதைச் செய்யும். இந்த ஒரு டப்பாவுக்கு மட்டும் உரிய குற்றம் அன்று. லானோலின், தேன்மெழுகு, தேவதாரு எண்ணெய் ஆகியவற்றைக் கரைப்பானில் கலந்து, பிரிட்டிஷ் மியூசியத்தின் பெயரால் வழங்கிவந்த தோல் பூச்சு ஒன்றை ஒரு காலத்தில் நூலகங்களும் அருங்காட்சியகங்களும் பழைய தோல் அட்டைகளுக்குத் தாராளமாகப் பூசின. இன்று பாதுகாப்பு வல்லுநர்கள் பெரும்பாலும் அத்தகைய பூச்சுகளைத் தவிர்க்கிறார்கள். தூசியைப் பிடிக்கும், காலப்போக்கில் காற்றுபட்டுக் கெட்டியாகும் என்பவை அவர்கள் சொல்லும் காரணங்களில் சில. கண்ணாடிப் பெட்டிக்குள் அசையாமல் இருக்கும் பொருளுக்கு அது சரி. தினமும் மடிந்து, தோளில் தொங்கி, மழையில் நனையும் பைக்கு ஏதாவது ஒன்று பூசியே ஆக வேண்டும். அந்த வேலையை இந்தக் க்ரீமைவிட நன்றாகச் செய்த வேறொன்றை நான் பார்க்கவில்லை. லெனேசியாவின் குளிர்காலம் எங்கள் கரையோரத்தைப்போல் ஈரமானது அன்று. மேட்டுநிலத்தின் வறண்ட காற்றில் தோல்தான் அதிகம் தவிக்கும், பித்தளை குறைவாகவே பச்சை பிடிக்கும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், என் தோழிக்கு இது எனக்கிருப்பதைவிடப் பொருத்தமான க்ரீம்.

ஆயினும் நான் அவளுக்கு வாங்காதே என்றுதான் எழுதியிருக்கிறேன். தகட்டுக்கு அடியில் இருந்த பச்சை முத்திரை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மக்கள் தங்கள் மாமியாரின், தாயாரின் பொருளை நம்பிக்கையோடு கொண்டுவந்து பூசும் ஒன்றின்மேல் உண்மையல்லாத வாசகத்தை அச்சிட்டு, சுட்டிக்காட்டியவரிடம் உங்கள் பித்தளைதான் மட்டம் என்று சொல்பவருக்கு, பாதி விலையானாலும் அவள் பணம் போவதில் எனக்குச் சம்மதம் இல்லை. அந்த வாசகத்தை எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தால் அன்றைக்கே நான் அவளுக்கு ஒரு டப்பா வாங்கி அனுப்புவேன்.

ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு, பெரியவர் காட்டித்தந்து நான் இப்போது கடைப்பிடிக்கும் முறை இது. பூட்டு, வளையம், கொக்கி ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குக் க்ரீமே படக்கூடாது; அந்த இடத்துக்கு ஈரத்துணி போதும். ஊறியிருக்கும் களிம்பை மரப் பல்குச்சியால் மட்டும் வழித்தெடுக்க வேண்டும், ஊசியோ கத்தியோ கூடாது. மிச்சத்தை, பஞ்சு சுற்றிய குச்சியில், பெயின்ட் கரைக்கப் பயன்படும் ஒயிட் ஸ்பிரிட் ஒரே ஒரு துளி தொட்டு, உலோகத்தை மட்டும் துடைத்து எடுக்கலாம்; அதைச் செய்யும்போது தோலுக்கும் தகட்டுக்கும் இடையே மெல்லிய தாளைச் செருகிக்கொண்டால் நிறம் கரையாது, சன்னல்களையும் திறந்துவைத்துக்கொள்ள வேண்டும். பிறகு உலர்ந்த பருத்தித் துணியால் பித்தளையை அழுத்தித் துடைக்க வேண்டும். பையை பிளாஸ்டிக் உறையில் கட்டி வைக்காமல் துணிப்பையில், பூட்டைத் திறந்த நிலையில் வைத்து, மாதத்துக்கு ஒருமுறை வெளிச்சத்தில் எடுத்து விளிம்புகளைப் பார்த்துவிட வேண்டும்.