லோயர் ஆர்ம் மாற்றி ஓட்டிய அனுபவம்: ஆர்ம் பரவாயில்லை, போல்ட்தான் எமன்

கீழக்கரையிலிருந்து நண்பன் போனில் கேட்டான்: "மாப்ள, நீ போட்ட அதே லோயர் ஆர்மை நானும் வாங்கிடவா?" முன்சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் இரும்புக் கைதான் இந்த லோயர் ஆர்ம். அதை வாங்கலாமா என்பது ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் முடிகிற விஷயமாக இல்லை.

புது ஆர்ம் தந்த நிம்மதி உண்மை. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது இடது பக்கம் கேட்ட 'டொக்' போய்விட்டது. பிரேக் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுப்பதும் நின்றது. ஆடிக் காற்றில் பாம்பன் பாலத்தில் கார் ஓட்டியவர்களுக்கு ஸ்டியரிங் ஆட்டம் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. இப்போது பிடித்த பிடியில் நேராகப் போகிறது.

எரிச்சலெல்லாம் மாட்டிய விதத்தில்தான். முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே எல்லா போல்ட்டையும் முழுசாக இறுக்கிவிட்டார்கள். ஆர்ம் அடிச்சட்டத்தில் மாட்டும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையம்தான் புஷ். அதன் ரப்பர், போல்ட் நுழையும் உள்குழாயோடு ஒட்டியிருக்கும். அது சுழலாது, முறுகித்தான் கொடுக்கும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதுமே ரப்பர் முறுகிக்கொள்ளும். வீட்டு வாசலில் சும்மா நிற்கும்போதும் அந்த முறுக்கு விடாது. அப்புறம் கிழியாமல் என்ன செய்யும்? சரியான முறை என்றால், புஷ் போல்ட்டை லேசாக மாட்டி, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு. ஆர்மைச் சக்கரப் பக்கம் சேர்க்கும் குமிழ் மூட்டான பால் ஜாயின்ட்டுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. இதைச் சொன்னால், "இத்தனை வருஷமா இப்படித்தான் சார் பண்றோம்" என்று பதில்.

புஷ் கிழிந்ததும் அதே கம்பெனி ஆர்மை மறுபடி வாங்கி, மண்டபத்தில் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். முதல் இடத்தில் பழைய போல்ட்டையே திரும்பப் போட்டிருந்தார்கள். அது உள்குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிவிட்டது. ஆயில் விட்டு, தட்டி, சுட்டுப் பார்த்து, கடைசியில் அறுத்துத்தான் எடுத்தார். ஆர்ம் மாட்டியது அதற்குப் பிறகு சின்ன வேலை. இந்த முறை புது போல்ட். மரையில் படாமல் தண்டில் மட்டும் கிரீஸ். இறுக்கு தரையில். அன்றே வீல் அலைன்மென்ட்டும் பார்த்தாகிவிட்டது, இல்லையென்றால் டயரின் ஒரு ஓரம் தேய்ந்துபோகும்.

இனி ஆர்மின் குறை. தகட்டில் அடித்த ஆர்ம் என்பதால் மடிப்புகளில் தனுஷ்கோடி மணல் ஈரத்தோடு தங்கிவிடுகிறது. வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் அதற்குள் கொப்பளிக்க ஆரம்பித்துவிட்டது. கடல் பக்கம் விற்கிற சாமானுக்கு இன்னொரு கோட் அடித்தால் குறைந்தா போய்விடுவார்கள்? அரிச்சல்முனை போய்வந்தால் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறேன். குடிக்கவே நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும் ஊரில் இதை வீட்டில் சொல்லவும் முடியாது!

சரி, உப்புக் காற்றுக்கு எந்த இரும்பும் தப்பாது, அவர்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை. இருந்தாலும் நண்பனிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். கொப்பளித்த பெயின்ட்டைப் பார்த்துவிட்டு வந்த சூட்டில் இருந்தேன். எனக்கு வலது பக்கமும் சத்தம் ஆரம்பித்திருக்கிறது; அதற்கும் இதே ஆர்முக்குத்தான் ஆர்டர் போட்டிருக்கிறேன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.