மருந்தாகும் வாயுக்கள்: ஹைட்ரஜன் எந்த இடத்தில் நிற்கிறது?

ஹைட்ரஜனின் மருத்துவப் பயன் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் அதைத் தனியாக நிறுத்தித்தான் பேசுகிறார்கள். அதே வேலைக்குப் போட்டியிடும் பிற வாயுக்களின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் பலமும் பலவீனமும் சரியாகத் தெரியும் என்பது என் எண்ணம். அப்படி ஒப்பிட நைட்ரிக் ஆக்சைடே சரியான அளவுகோல். ஆய்வுக்கூடத்தில் தொடங்கி, பரிசோதனைகளைத் தாண்டி, மருந்து என்ற முறையான ஒப்புதலைப் பெற்ற வாயு அது.

அதன் செயல்முறை ஒளிவுமறைவில்லாதது. இரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள தசையைத் தளர்த்தும் சமிக்ஞையாக நம் உடலே இந்த வாயுவை உற்பத்தி செய்கிறது என்பதைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் ஆகிய மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. சுவாசத்தின் வழியே கொடுக்கும்போது அது காற்று சென்றடையும் நுரையீரல் பகுதிகளின் இரத்தக் குழாய்களை மட்டும் விரித்துவிட்டு, இரத்தத்தில் கலந்தவுடன் ஹீமோகுளோபினோடு பிணைந்து செயலிழந்துவிடுவதால், உடலின் பிற பகுதிகளில் இரத்த அழுத்தம் சரிவதில்லை. பிறந்த பின்னும் நுரையீரல் இரத்தக் குழாய்கள் கருப்பையில் இருந்ததுபோலவே சுருங்கி நிற்கும் குழந்தைகளுக்கு இது பத்து லட்சத்தில் 20 பங்கு என்ற அளவில் தரப்படுகிறது. 1997இல் வெளியான பரிசோதனையில் மரணம் அல்லது எக்மோ கருவியின் (உடலுக்கு வெளியே இரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் கருவி) தேவை என்ற கூட்டு விளைவு 64 சதவீதத்திலிருந்து 46 சதவீதமாகக் குறைந்தது; 1999இல் அமெரிக்க ஒப்புதல் வந்தது. ஆனால் அந்தப் பரிசோதனையிலும் மரண விகிதம் மட்டும் தனியே குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. கடும் சுவாசச் செயலிழப்புக்கு உள்ளான பெரியவர்களிடமோ ஆக்சிஜன் அளவு சிறிது காலம் ஏறியதே தவிர, உயிர்பிழைப்போர் எண்ணிக்கை கூடவில்லை. ஆக, செயல்முறை முழுவதும் தெரிந்த வாயுவுக்கே வாசல் இவ்வளவு குறுகலானது.

செனானின் கதை வேறு. மயக்க மருந்தாக 1951இலேயே மனிதர்களுக்குத் தரப்பட்ட மந்த வாயு அது. மூளைச் செல்களை மிகையாகத் தூண்டும் ஓர் ஏற்பியைத் தடுப்பதால் மூளையைக் காக்கக்கூடும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. இதயம் நின்று மீட்கப்பட்ட 110 பேரிடம் பின்லாந்தில் நடந்த ஆய்வில், ஸ்கேனில் மூளையின் வெள்ளைப் பொருளின் (நரம்பு இழைகள் செல்லும் பகுதி) சேதம் குறைவாகத் தெரிந்தது. ஆறு மாத மரண விகிதத்தில் உறுதியான வேறுபாடு இல்லை. பிறப்பின்போது மூச்சுத்திணறலுக்கு உள்ளான 92 குழந்தைகளிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வில் பலன் ஏதும் தென்படவில்லை. காற்றில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாகவே உள்ள இந்த வாயுவை, வெளிவிட்டதைச் சேகரித்து மீண்டும் சுழற்றும் மூடிய சுற்றில்தான் கட்டுப்படியாகும் விலையில் கொடுக்க முடியும் என்பது கூடுதல் இடைஞ்சல்.

கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜன் சல்ஃபைடையும் விரைவாகக் கடந்துவிடலாம். இரண்டுமே நம் உடலில் சிறிதளவு உருவாகும் சமிக்ஞை வாயுக்கள், இரண்டுமே விஷங்கள். பின்னதைச் சுவாசித்த எலிகள் குளிர்கால உறக்கம் போன்ற நிலைக்குச் சென்றதாக 2005இல் சியாட்டிலில் இருந்து வந்த ஆய்வு பெரும் பரபரப்பை உண்டாக்கியது. செம்மறி ஆடு, பன்றி போன்ற பெரிய விலங்குகளில் அது பலிக்கவில்லை.

இந்த வரிசையில் ஹைட்ரஜன் வந்து சேர்ந்தது விந்தையான வழியில்தான். 1975இலேயே எலிகளின் தோல் புற்றுக்கு அதை உயர் அழுத்தத்தில் கொடுத்துப் பார்த்திருந்தாலும், துறை உண்மையில் உயிர்பெற்றது 2007இல். ஜப்பானில் ஓட்டா ஷிகேயோவின் குழு, மூளை இரத்தக் குழாய் அடைக்கப்பட்ட எலிகளுக்குச் சில சதவீத ஹைட்ரஜனைச் சுவாசிக்கக் கொடுத்துச் சேதம் குறைவதைக் காட்டியது. செல்களைச் சேதப்படுத்தும் மிகக் கொடிய ஆக்சிஜன் துணுக்கான ஹைட்ராக்சில் ரேடிக்கலை மட்டும் அது தேர்ந்து அழிக்கிறது என்று விளக்கமும் தந்தது. அந்த விளக்கத்தில்தான் எனக்குத் தயக்கம். ஹைட்ராக்சில் ரேடிக்கல், அருகில் உள்ள எந்த மூலக்கூறோடும் கணத்தில் வினைபுரிந்துவிடும். மெதுவாக வினைபுரியும் ஹைட்ரஜன், செல்லுக்குள் நெருக்கியடித்து நிற்கும் புரதங்களையும் கொழுப்புகளையும் முந்திக்கொண்டு அதை எப்படிப் பிடிக்கும்? நைட்ரிக் ஆக்சைடுக்கு இருப்பதுபோல் திட்டவட்டமான இலக்கு ஒன்று ஹைட்ரஜனுக்கு இன்னும் காட்டப்படவில்லை.

ஆனால் பாதுகாப்பில் மற்றவை எதுவும் அதற்கு அருகில் வராது. பெருங்குடல் நுண்ணுயிரிகள் தினமும் இதை உற்பத்தி செய்கின்றன (ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் அதற்குத் தாராளமாக உதவும்). காற்றில் 4 சதவீதத்தைத் தாண்டினால் தீப்பற்றும் என்பதே பெரிய அபாயம். அதனால்தான் மருத்துவமனைப் பரிசோதனையில் 2 சதவீதம் பயன்படுத்தப்பட்டது. ஜப்பானின் 15 மருத்துவமனைகளில், இதயம் நின்று மீட்கப்பட்டும் நினைவு திரும்பாத 73 பேரிடம், வென்டிலேட்டர் வழியே 18 மணி நேரம் கொடுத்துப் பார்த்த அந்தப் பரிசோதனையின் முடிவு 2023இல் வெளிவந்தது. 90ஆம் நாளில் உயிரோடு இருந்தவர்கள் ஹைட்ரஜன் குழுவில் 85 சதவீதம், மற்றக் குழுவில் 61 சதவீதம். கேட்பதற்கு வியப்பூட்டும் வேறுபாடுதான். ஆனால் முதன்மை அளவீடாக முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது, நல்ல மூளைச் செயல்பாட்டோடு மீள்வது; அதில் 56க்கு 39 என்ற வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கக்கூடிய எல்லைக்குள்ளேயே நின்றது. 360 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டிருந்தும், கோவிட் காலத்தில் ஆய்வை இடையில் நிறுத்த நேர்ந்தது. செனான் பரிசோதனைகளைவிட நம்பிக்கை தரும் முடிவு என்று இதைச் சொல்லலாம். நைட்ரிக் ஆக்சைடு எட்டிய இடத்தை இது எட்டிவிட்டது என்று சொல்ல முடியாது.

கடைகளில் விற்கும் ஹைட்ரஜன் நீரை இந்தப் பரிசோதனையின் நிழலில் நிறுத்துவது முற்றிலும் வேறு விஷயம். சாதாரண அழுத்தத்தில் ஒரு லிட்டர் நீரில் கரையக்கூடிய ஹைட்ரஜன் ஏறக்குறைய 1.6 மில்லிகிராம், அதாவது 20 மில்லிலிட்டருக்கும் சற்றுக் குறைவான வாயு. நிமிடத்துக்கு 6 லிட்டர் காற்றை இழுக்கும் நோயாளி ஒருவரின் நுரையீரலுக்குள் 2 சதவீதக் கலவையின் வழியே நிமிடத்துக்கு 120 மில்லிலிட்டர் ஹைட்ரஜன் நுழைகிறது. அதில் பெரும்பகுதி உடனே வெளியேறிவிடும் என்றாலும், ஒரு லிட்டர் நீரில் உள்ளது சுமார் பத்து விநாடி மூச்சுக்குச் சமம். அதுவும் போத்தலைத் திறந்து வைத்திருந்தால் சிறிது சிறிதாகப் பறந்துவிடும். நடுக்குவாத நோயாளிகள் சிலரிடம் நாளுக்கு ஒரு லிட்டர் கொடுத்து நடந்த முதல் சிறு ஆய்வு, 2013இல் பலன் இருப்பதாகக் காட்டியது. அதே குழுவினர் 178 பேரிடம் 72 வாரங்கள் நடத்திய பெரிய பரிசோதனையில், ஹைட்ரஜன் நீர் குடித்தவர்களுக்கும் வெறும் நீர் குடித்தவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.