ஷேவிங் பிரஷ் செய்கிறீர்களா? முடிக்கொத்தையும் மரக்கட்டையையும் கடைவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள்

மரத்தில் கைப்பிடி கடைந்து ஷேவிங் பிரஷ் செய்பவர்களும், செய்ய ஆசைப்படுபவர்களும் இதைப் படித்துவிட்டு அப்புறம் ஆர்டர் போடுங்கள். இணையத்தில் இதற்கான பொருள்களை விற்கும் ஒருவரிடம் நாட் எனப்படும் முடிக்கொத்துகளையும் கைப்பிடிக்கான மரக்கட்டைகளையும் சேர்த்து வாங்கினேன். நாட் எல்லாம் 24 மி.மீ. சில்வர்டிப் பேட்ஜர் (பேட்ஜர் என்னும் விலங்கின் உயர்ரக முடி), கட்டை எல்லாம் ரெசின் என்னும் இறுகும் பிசினை ஏற்றி ஸ்டெபிலைஸ் செய்தவை, அதாவது ஈரத்தில் உப்பாமல் உறுதியாக்கியவை என்று விளம்பரத்தில் இருந்தது. இரண்டுமே பொய்.

முதலில் கட்டை. ஷேவிங் பிரஷ் தினமும் நனைந்து காயும் பொருள். மரம் ஈரத்தை இழுத்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதிலும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. மரத்தின் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில், நடுவிலிருந்து வெளிப்பக்கம் போகும் திசையைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு சுருங்கும். விரிசல் விழுவது இதனால்தான். அதைத் தடுக்கத்தான் கட்டையை அடுப்பில் வைத்து ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்து, ரெசினில் முழுக்கி, வாக்குவம் போட்டுக் காற்றை வெளியேற்றுகிறார்கள். குமிழி அடங்கிய பிறகு ரெசின் உள்ளே இறங்க நேரம் கொடுத்து, சுமார் 90 டிகிரி சூட்டில் இறுக வைப்பார்கள். பொறுமையும் மின்சாரமும் தின்னும் வேலை. ஈரம் போகாத கட்டைக்குள் ரெசின் இறங்கவே இறங்காது.

எனக்கு வந்த கட்டைகளுக்கு இதில் எதுவும் நடக்கவில்லை. கடைசல் எந்திரமான லேத்தில் மாட்டியதும் முதல் ஒன்றிரண்டு மி.மீ. வரை பிளாஸ்டிக் போலச் சில்லு சில்லாக வந்தது. உளி இன்னும் கொஞ்சம் உள்ளே போனதும் சீவல் நீளமான சுருளாக வர ஆரம்பித்தது. தொட்டால் ஈரம், கூடவே பச்சை மர வாசனை. உடனே லேத்தை நிறுத்திவிட்டு, இன்னொரு கட்டையை நடுவில் அறுத்தேன். ஓரத்தில் மட்டும் கோடு போட்டது போல ரெசின், உள்ளே முழுக்க வெறும் மரம். வெட்டிய முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உறிஞ்சிக்கொண்டது. அறுத்த துண்டுகளை அப்படியே வைத்திருந்ததில், காயக் காய நடுவிலிருந்து விரிசல் ஓடியது. இதே கட்டையில் நாட் உட்காரும் குழியைத் துளைத்து ஒட்டியிருந்தால் என்ன ஆகும்? கைப்பிடியிலேயே சுவர் மெலிந்த இடம் அதுதான், தண்ணீர் வந்து தேங்கும் இடமும் அதுதான். அங்கேதான் முதலில் பிளக்கும்.

நாட் விஷயத்தில் நடந்த மோசடி இதைவிட மோசம். பேட்ஜர் முடி அடியில் வெளிர்நிறம், நடுவில் கறுப்புப் பட்டை, நுனியில் வெள்ளை என்று இயற்கையிலேயே அப்படி வளர்வது. அதில் நுனி நன்றாக வெளுத்து, மெலிந்து கூராக முடியும் உயர்ந்த ரகத்தைத்தான் சில்வர்டிப் என்கிறோம். என்னிடம் வந்ததை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தேன். கறுப்புப் பட்டையிலிருந்து சாம்பல் நிறம் புகை மாதிரி இறங்கித் தண்ணீரே கலங்கிவிட்டது. வெள்ளைத் துணியில் ஒற்றினால் துணியில் கறை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் நுனி ஒன்றுகூடக் கூராக இல்லை, கத்தரியால் சமமாக வெட்டியது அப்படியே தெரிகிறது. ஒரு முடியைக் கொளுத்தியதில் முடி கருகும் நாற்றம் வந்து பொடியானது. ஆக, சிந்தெடிக் எனும் செயற்கை இழை இல்லை, ஏதோ விலங்கின் முடிதான். எந்த விலங்கு, எங்கிருந்து வந்தது, சுத்தம் செய்ததா என்று எதற்கும் பதில் இல்லை.

சாயம் போவதோடு போகட்டும் என்று இதை விட முடியாது. முதல் உலகப் போர்க் காலத்தில் நல்ல பேட்ஜர் முடி கிடைப்பது அரிதானபோது, குதிரை முடியை அதைப் போலவே தோன்றும்படி செய்து பிரஷ் விற்றார்கள். சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத அந்த முடியிலிருந்து பிரிட்டிஷ், அமெரிக்கப் படைவீரர்களுக்கும் பொதுமக்களுக்குமாக 200க்கும் மேற்பட்டோருக்கு ஆந்த்ராக்ஸ் என்னும் கொடிய தொற்றுநோய் வந்தது. பிளேடு கீறிய தோலில் தேய்க்கும் பொருள் இது. இன்று ஒழுங்காக வியாபாரம் செய்பவர்கள் முடியைச் சுத்திகரித்துத்தான் விற்கிறார்கள். பெயரையே மாற்றி விற்பவர் அதை மட்டும் ஒழுங்காகச் செய்திருப்பார் என்று எப்படி நம்புவது? சிந்தெடிக் என்று சொல்லியே விற்றிருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன். நல்ல சிந்தெடிக் நாட் மென்மையாகவும் இருக்கும், சீக்கிரமும் காயும்.

படங்களோடு விற்றவருக்கு எழுதினேன். மரம் இயற்கைப் பொருள், விரிசல் விழுவது சகஜம் என்றார். அப்புறம் கட்டையை அறுத்துவிட்டீர்கள், நாட் முடியை நனைத்துவிட்டீர்கள், அதனால் திரும்ப எடுக்க முடியாது என்றார். ஷேவிங் பிரஷ்ஷை நனைக்காமல் என்ன செய்வது என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. பணமும் வரவில்லை.

ஆகவே பொருள் கைக்கு வந்த அன்றே, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். அறுக்காமலே செய்யக்கூடியவை இருக்கின்றன. கட்டையின் மெழுகு பூசாத இரண்டு முனைகளிலும் தண்ணீர்ச் சொட்டு வையுங்கள், எடை போட்டுப் பாருங்கள். உளுத்த மென்மரத்தில் ரெசின் நன்றாக ஏறினால் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகும். காற்றாக லேசாக இருந்தால் சந்தேகப்படுங்கள். கருங்காலி, ஈட்டி மாதிரி அடர்த்தியும் எண்ணெயும் உள்ள மரங்கள் ரெசினைச் சரியாக வாங்குவதே இல்லை. அவற்றையே ஸ்டெபிலைஸ் செய்ததாக ஒருவர் விற்றால் அங்கேயே நின்று யோசியுங்கள். நாட் முடியில் ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு ஒற்று, நடு முடிகளைப் பிடித்து மெதுவாக ஓர் இழுப்பு. புதுசில் சில முடி உதிர்வது இயல்புதான். கொத்தாகக் கையோடு வந்தால் அடியில் பசை நடுவரை இறங்கவில்லை என்று பொருள். இதையெல்லாம் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆள் இப்போது வேறு கடைப் பெயரில் அதே படங்களைப் போட்டு விற்றுக்கொண்டிருக்கிறார். பளபளவென்று மெருகேற்றிய பக்கங்கள் மட்டும்தான் அந்தப் படங்களில் இருக்கும், வெட்டுமுகம் ஒன்றில்கூட இருக்காது. யாரிடம் வாங்கினாலும், நடுவில் அறுத்த ஒரு கட்டையின் படமும், நனைந்த நாட் ஒன்றின் படமும் கேளுங்கள். தராவிட்டால் வாங்காதீர்கள்.