சுரங்க வரிக்கு ஒரு நல்ல அட்டவணை: யூரோஸ்டாட்

சுரங்கமும் குவாரியும் எந்த நாட்டில் எவ்வளவு சுற்றுச்சூழல் வரி கட்டுகின்றன என்று தேடுபவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட்டின் தொழில்வாரி வரி அட்டவணையைத் தயங்காமல் சொல்வேன். இலவசம், பதிவு செய்யத் தேவையில்லை. 'பி' பிரிவைத் தேர்ந்தெடுத்தால் சுரங்கமும் குவாரியும் தனியாக வந்துவிடும். கட்டத்தில் முக்காற்புள்ளி இருந்தால் தரவு இல்லை என்று பொருள். அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டால் கணக்கே தப்பாகிவிடும்.

இன்னொன்றைக் கட்டாயம் கவனியுங்கள். எண்ணெய், எரிவாயு எடுப்பதற்கான வரி 'சுற்றுச்சூழல் வரி' என்ற வரையறைக்குள் வராது. கனிமத்துக்கான ராயல்டியும் வரியல்ல, அது கனிமத்தின் உரிமையாளருக்குப் போகும் சொத்து வருமானம். அப்புறம், வரியை எந்தத் தொழில் கட்டுகிறதோ அதன் கணக்கில்தான் எழுதுவார்கள். அதனால் குவாரி லாரிக்குப் போடும் டீசல் மீதான வரியும் இந்த எண்ணுக்குள் இருக்கும். மொத்தத்தை மட்டும் பார்த்து 'கல் எடுப்பதற்கே இவ்வளவு வரியா' என்று முடிவுகட்டுவது சரியில்லை.

ஒரு நாட்டை உள்ளே போய்ப் பார்க்க வேண்டுமென்றால் அந்நாட்டுச் சட்டத்தையும் சேர்த்துப் படியுங்கள். பிரிட்டன் 2002 ஏப்ரலில் மணல், சரளை, பாறைக்கு டன்னுக்கு 1.60 பவுண்டு வரி என்று தொடங்கியது. ஸ்வீடன் 1996-லேயே இயற்கைச் சரளைக்கு வரி போட்டுவிட்டது. நிலத்தடி நீரைச் சுத்தமாக வடிகட்டித் தருவது அந்தச் சரளைதான். எனக்கு மிகவும் பிடித்த வரி இது.