பாய் கடையில் மூன்றரை மாதம்

கடலூரில் ரிக்கார்டு பிளேயர் ரிப்பேர் பார்க்க ஆள் இருக்கிறாரா என்று என்னிடம் இதுவரை நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். இருக்கிறார். திருப்பாப்புலியூரில், லாரன்ஸ் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில். பெயர்ப்பலகை கிடையாது. ஷட்டருக்கு மேலே "ரேடியோ டேப்" என்று எழுதியது பாதி அழிந்து கிடக்கிறது. பாய் கடை என்று கேட்டால் கை காட்டுவார்கள்.

நான் கொண்டுபோனது அப்பாவின் பிளேயர். துறைமுக ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர், 1976-இல் ஓ.டி.யில், அதாவது கடலூர் முதுநகரில், வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒரு குடும்பத்திடம் வாங்கினார். இங்கிலாந்தில் செய்தது. நிமிடத்துக்கு 16, 33, 45, 78 சுற்று என்று நான்கு வேகம். கூடவே எண்பதுகளில் வாங்கிய ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர்களும். எங்கள் வீடு தேவனாம்பட்டினத்தில். சில்வர் பீச்சுக்கு நடந்தே போய்விடலாமே என்று உறவுக்காரர்கள் பொறாமைப்படுவார்கள். ஜன்னல் கம்பியையே தின்கிற காற்று அது. பிளேயருக்குப் பின்னால் இருக்கும் பின்னெல்லாம் எம்மாத்திரம்? பச்சை பூத்துவிட்டது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் வந்தபோது ஓடு பறந்து மழை உள்ளே இறங்கியது. அன்றைக்குப் பரணில் ஏறிய பெட்டியைப் போன வருடம்தான் இறக்கினேன்.

முதலில் சென்னையில் ஒரு கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு போனேன். மூடியைக்கூடத் திறக்கவில்லை. "இதெல்லாம் வேஸ்ட் மேடம், புதுசு பாருங்க" என்று சூட்கேஸ் மாதிரி ஒன்றைக் காட்டினார்கள். பார்க்க அழகாக இருந்தது. தட்டு கனமே இல்லை, கையில் எடுத்தால் டிபன் பாக்ஸ் மூடி போல இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

பாய் செய்த முதல் காரியம், பிளேட் சுற்றும் தட்டைக் கழற்றிவிட்டு உள்ளே இருந்த ரப்பர் சக்கரத்தை விரல் நகத்தால் அழுத்திப் பார்த்தது. "கல்லு மாதிரி ஆயிடுச்சு டீச்சர்." இந்த வகைப் பிளேயரில் பெல்ட் கிடையாது. மோட்டாரின் தண்டுக்கும் தட்டின் உள்விளிம்புக்கும் நடுவில் அந்தச் சக்கரம் உட்கார்ந்துகொண்டு சுழற்சியைக் கடத்துகிறது. அதன் விட்டம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் வேகம் மாறாது. தண்டின் எந்தப் படியில் உட்காருகிறதோ அதுதான் கணக்கு. (இதை நான் பத்தாம் வகுப்பில் கேள்வியாகவே கேட்டுவிட்டேன். மூன்று பேர் சரியாகச் சொன்னார்கள்.) ஆனால் ரப்பர் இறுகினால் வழுக்கும், வழுக்கினால் வேகம் குறையும். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் அழுந்தி நின்றிருந்தால் அந்த இடம் தட்டையாகி, ஒவ்வொரு சுற்றுக்கும் தும் தும் என்று ஸ்பீக்கரில் இடிக்கும். எனக்கு இரண்டும் இருந்தன.

சக்கரத்துக்குப் புது ரப்பர் போட்டு லேத்தில் கடைந்து வாங்கினார். தட்டின் நடுத்தண்டில் மெழுகாக உறைந்திருந்த பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டார். அப்புறம் நடந்ததுதான் நான் இந்தக் கடையை நம்பக் காரணம்.

கடையில் எல்லாம் எல்.இ.டி. விளக்கு. ஒரு மூலையில் மட்டும் பழைய சோக் வைத்த டியூப் லைட் ஒன்று. ஸ்விட்ச் போட்டால் நாலு தடவை கண் சிமிட்டிவிட்டுத்தான் எரியும். பாய் தட்டின் மேல் வட்டமான ஒரு அட்டையை வைத்தார். சுற்றிலும் கறுப்புக் கோடுகள். டியூப் லைட்டைப் போட்டு, தட்டைச் சுற்றவிட்டு, "கோடு ஓடுதா நிக்குதா, சொல்லுங்க" என்றார். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் போட்ட டியூப் லைட் நொடிக்கு 100 தடவை விட்டுவிட்டு எரியும். நிமிடத்துக்கு 6,000. எல்.பி. பிளேட் நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டும், அதால் வகுத்தால் 180. அட்டையில் கோடுகளும் 180. வேகம் சரியாக இருந்தால் ஒவ்வொரு சிமிட்டலுக்கும் ஒரு கோடு, முந்தைய கோடு இருந்த இடத்துக்கே வந்துவிடும். சுற்றுகிற தட்டில் கோடுகள் அசையாமல் நிற்பது போலத் தெரியும். நொடிக்கு ஒரு கோடு பின்னால் நகர்ந்தால் ஒரு சதவீதம் மெதுவு. ரிப்பேருக்கு முன்னால் மூன்று கோடு நகர்ந்ததாம். மூன்று சதவீதம் என்றால் சுருதி ஏறக்குறைய அரை ஸ்வரஸ்தானம் இறங்கிவிடும். இப்போது நின்றது. நானும் குனிந்து பார்த்தேன், நின்றது. வீட்டில் முயற்சி செய்யாதீர்கள், புது எல்.இ.டி. விளக்குகள் பலவும் அப்படிச் சிமிட்டுவதில்லை, கோடெல்லாம் ஒரே சாம்பல் பூச்சாகத்தான் தெரியும். அந்த டியூப் லைட்டை அவர் மாற்றாமல் வைத்திருப்பது இதற்காகத்தான்.

ஆம்ப்ளிஃபயரில் உப்பிப்போன கண்டென்சர் இரண்டை மாற்றினார், ம்ம்ம் என்ற இரைச்சல் போனது. வால்யூம் குமிழின் கரகரப்பும் போனது. குமிழ் ஒன்று மட்டும் ஜோடி இல்லை. கறுப்புக்குப் பதில் வெள்ளி நிறத்தில் ஏதோ டேப் ரிக்கார்டரின் குமிழைப் போட்டிருக்கிறார். கேட்டால், "காது கேக்கத்தானே" என்கிறார்.

நான் ஒரு போனோ முன் ஆம்ப்ளிஃபயர் வாங்குவதாக இருந்தேன், மூவாயிரம் ரூபாய்க்கு. இணையத்தில் எல்லோரும் கட்டாயம் வேண்டும் என்கிறார்களே என்று அவரிடமே ஆர்டர் கொடுக்கப் போனேன். வேண்டாம் என்றுவிட்டார். ஊசியைப் பிடித்திருக்கும் கார்ட்ரிட்ஜ் மேக்னடிக் வகையாக இருந்தால் கொடுப்பது நான்கைந்து மில்லிவோல்ட்தான், அதைப் பெருக்கத்தான் அந்தப் பெட்டி. அப்பாவுடையது செராமிக், அது சில நூறு மில்லிவோல்ட் கொடுக்கும், ஆம்ப்ளிஃபயரில் அதற்கென்றே சொருகுமிடம் இருக்கிறது. வருகிற காசை வேண்டாம் என்கிற கடையை நான் வேறெங்கே தேட? புது ஊசி மட்டும் வரவழைத்துப் போட்டு, நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்றில் ஊசி முனையை இறக்கி அதன் அழுத்தத்தை ஐந்து கிராமுக்கு வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் காருக்குறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தைத்தான் போட்டேன். சினிமாப் பாட்டில் தாளமும் குரலும் மாறிமாறி வருவதால் குறை எளிதில் தெரியாது. நாகஸ்வரத்தில் ஒரு நீண்ட கார்வை வந்தால் ஒளிய இடமில்லை. தட்டு துளி தடுமாறினாலும் சுருதி ஆடும். சுருதிக்கு ஊதும் ஒத்து அசையாமல் நின்றது. இருபது நிமிடம், ஒரு பக்கம் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வீட்டம்மா ஜன்னல் வழியே, "கல்யாண வீடா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வைத்ததில் தவிலின் கும்மென்ற குழப்பமும் குறைந்தது. அதற்குச் செலவு இல்லை.

இனி குறைகள். "அடுத்த வெள்ளி" என்று சொன்னவர் மூன்றரை மாதம் எடுத்தார். போனை எடுப்பதே இல்லை, நேரில் போக வேண்டும். ஒன்பது தடவை போனேன். பில் கிடையாது, எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய் என்று சிகரெட் அட்டையின் பின்னால் எழுதிக் கொடுத்தார். ஒன்றன்மேல் ஒன்றாகப் பிளேட்டைத் தானே இறக்கும் அமைப்பைச் சரிசெய்யவே மாட்டேன் என்றார், பிளேட் மேல் பிளேட் விழுந்தால் கீறும் என்று. அதில் எனக்கு வருத்தமில்லை. சி.டி. பிளேயர், ப்ளூடூத் ஸ்பீக்கர் எதையும் தொடமாட்டார்.

இன்னொன்றையும் அவர்தான் சொன்னார், எனக்குத் தாமதமாக. பூஞ்சை பிடித்த வினைல் எல்.பி.களைப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட தண்ணீரில், நடு லேபிள் நனையாமல் கழுவினேன், நன்றாக வந்தன. அந்த உற்சாகத்தில் பாடகர் சிதம்பரம் ஜெயராமனின் பழைய 78 சுற்று பிளேட் ஒன்றைச் சர்ஜிகல் ஸ்பிரிட்டால் துடைத்தேன். பஞ்சு கறுப்பானது. அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் அழுத்தித் துடைத்தேன். போனது அழுக்கில்லை, பாட்டு. அந்தக் காலத்து 78 அரக்கில் செய்தது. மரச்சாமானுக்குப் பாலீஷ் போடுகிறவர்கள் அரக்கை ஸ்பிரிட்டில்தானே கரைக்கிறார்கள்? நம் மாவட்டத்துக்காரர் குரலை நானே அழித்தேன். பாயிடம் காட்டினால் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பிளேட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

போவதென்றால் காலை பதினொன்றுக்கு மேல் போங்கள். வெள்ளிக்கிழமை மதியம் பூட்டியிருக்கும். உங்கள் பிளேட் ஒன்றையும் எடுத்துப் போங்கள், அவரிடம் இருக்கும் டெஸ்ட் பிளேட் தேய்ந்துவிட்டது. எனக்கு இடது பக்க ஸ்பீக்கர் இன்னும் கொஞ்சம் மட்டாகத்தான் பாடுகிறது. பொங்கலுக்குள் பார்த்துத் தருகிறேன் என்றிருக்கிறார். எந்தப் பொங்கல் என்று நான் கேட்கவில்லை.