ரீப்பரில் ஏழு வருடம்: ரெண்டர் பொத்தானை அழுத்தும் முன்

60 நாள் இலவசமாகப் பாவித்துப் பார்க்கலாம் என்று இறக்கிய ரீப்பர் (Reaper) என்ற ஒலிப்பதிவு மென்பொருளில்தான் ஏழு வருடமாக வேலை செய்கிறேன். தனியாள் உரிமம் 60 டொலர். அதைக் கட்டி வாங்கியதில் இன்றுவரை வருத்தம் இல்லை. யாழ்ப்பாணத்து இணுவிலில் ஒரு சின்ன அறை. கோயில் பாட்டு, தவில் நாதஸ்வரம், மிருதங்க அரங்கேற்றம், இவைதான் என்னிடம் வரும் வேலைகள். பதிந்த ஒலிகளைக் கலந்து மிக்ஸ் பண்ணுவதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பண்ணிய மிக்ஸ் கெடாமல் கோப்பாக வெளியே போவதைப் பற்றித்தான், அதாவது ரெண்டரைப் பற்றித்தான், நான் எழுத வந்தேன்.

முதல் வருடம் ஒரு தவில் பதிவை எம்பி3 ஆக அனுப்பியிருந்தேன். அடுத்த நாளே தவில்காரர் எடுத்தார். "தம்பி, என்ர தவில் ஏன் கிழிஞ்சமாதிரிக் கேக்குது?" என் அறையில் அது சுத்தமாகத்தான் கேட்டது. காரணம் பிடிபட இரண்டு நாள் ஆனது. விரலில் கூடு போட்டுத் தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் அடிக்கும் அடி ஊசிபோல எழும். உச்சம் எல்லை தாண்டாமல் தடுக்கும் லிமிட்டரை நான் மைனஸ் 0.1 டெசிபெல்லில் நிறுத்தியிருந்தேன். எம்பி3 ஆக்கும்போது ஒலியின் சில பகுதிகள் கழிக்கப்பட்டு அலையின் வடிவம் மாறுகிறது. சில உச்சங்கள் முன்பு இருந்ததைவிட உயர்ந்துவிடும். அவை டிஜிட்டல் ஒலியின் உச்ச எல்லையான பூச்சியத்தைத் தாண்டினால், பாட்டைப் போடும் கருவி அந்த இடத்தை வெட்டிவிடும். அண்ணை கேட்ட கிழிசல் அதுதான். அன்றிலிருந்து அலையின் உண்மையான உச்சத்தைக் காட்டும் ட்ரூ பீக் அளவில் மைனஸ் 1 டெசிபெல்லுக்கு மேல் விடுவதில்லை. எம்பி3 கேட்டால் 320 கேபிபிஎஸ் தரத்தில் மட்டும் கொடுக்கிறேன்.

ஆனால் முதலில் எடுப்பது சுருக்காத 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பு. பதிவும் 48 இல்தான் என்பதால் இடையில் எந்த மாற்றமும் நடக்காது. நிமிடத்துக்கு 17 மெகாபைட் அளவில் வரும். பரவாயில்லை, வைத்திருங்கள். வேறு எது தேவைப்பட்டாலும் அதிலிருந்தே எடுக்க வேண்டும். வீடியோக்காரர் "எம்பி3 காணும்" என்றாலும் வேவ் கோப்பைத்தான் கொடுப்பேன், ஏனென்றால் வீடியோவுக்குள் போகும்போது அது இன்னொருமுறை சுருங்கும். சீடிக்கு மட்டும் 44.1, 16 பிட். அப்போது, பிட் குறையும்போது வரும் கரகரப்பை மறைக்கச் சேர்க்கும் மெல்லிய இரைச்சலான டிதரை ஒரேயொரு தடவை போடுங்கள். போடாமல் விட்டால் சுருதி மெல்ல அடங்கும் இடம் கரகரக்கும்.

2022 மின்வெட்டுக் காலத்தில் இன்னொன்று படித்தேன். கரண்ட் போவதற்குள் முடிக்க வேண்டும் என்று பாட்டின் நேரத்தைவிட வேகமாக ஓடும் முழுவேக ஆஃப்லைனில் ரெண்டர் பண்ணி, கேட்டுப் பார்க்காமலே அனுப்பினேன். ரீப்பருக்குள் போட்ட ஒரு பிளக்இன் (துணை மென்பொருள்) அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் நடுவில் இரண்டு இடத்தில் 'டிக்' என்று வெடித்திருந்தது. அதே ப்ராஜெக்ட்டை பாட்டு ஓடும் அதே 1x வேகத்தில் எடுத்தபோது ஒன்றும் இல்லை. அதிலிருந்து, எவ்வளவு அவசரம் என்றாலும் கோப்பை முழுதாகக் கேட்காமல் அனுப்புவதில்லை. கடைசி நாதஸ்வரச் சுரத்தின் ரிவேர்ப் (எதிரொலி) பாதியில் அறுந்திருந்தால் அதுவும் அப்போதுதான் தெரியும்; ரெண்டர் ஜன்னலில் டெயில் என்ற இடத்தில் சில செக்கன் கூட்டிவிட்டால் சரி.

ரீப்பரில் எனக்கு உள்ள குறை ரெண்டர் ஜன்னல்தான். புதிதாக வருபவருக்குத் தலை சுற்றும் அளவுக்கு அதில் தெரிவுகள். போதாததற்கு, பழைய ப்ராஜெக்ட்டைத் திறந்தால் அதன் பழைய அமைப்பே வந்து நிற்கும். சீடிக்காக வைத்த 44.1 அப்படியே இருந்து என்னை இரண்டு தடவை ஏமாற்றியது. இப்போது மாஸ்டர் வேவ் கோப்புக்கு ஒன்று, எம்பி3க்கு ஒன்று என்று பிரிசெட் சேமித்து வைத்திருக்கிறேன். ரெண்டர் முடிந்ததும் உச்ச அளவையும் காதுக்குக் கேட்கும் சத்தத்தைக் காட்டும் லஃப்ஸ் அளவையும் அதுவே காட்டுவது பெரிய உதவி.

கோயிலுக்குப் போகிற பாட்டென்றால் மோனோவிலும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். வீதியில் கட்டும் குழாய் ஒலிபெருக்கிக்கு இடமும் வலமும் ஒன்றாகத்தான் போகும். அகலமாக்கிய கோரஸ் குரல்கள் அங்கே பாதி காணாமல் போனதை நான் திருவிழா அன்று, வீதியில் நின்றுதான் கேட்டேன்.